சுற்றறிக்கை வகுப்பறைக்குள் நுழையும் இடம்

கணிதம் கற்பிக்கும் முறையை அடியோடு மாற்ற வேண்டும் என்று 1985-இல் கலிஃபோர்னியா மாநிலம் முடிவெடுத்தது. சூத்திரத்தை ஒப்பிப்பது, விடை சரியா தவறா என்று பார்ப்பது என்ற பழைய தடத்தை விட்டு, பிள்ளைகள் யோசிக்கவும் தங்களுக்குள் பேசி வாதிடவும் பழக வேண்டும் என்றது அதன் புதிய பாடத்திட்டக் கட்டமைப்பு. சில ஆண்டுகள் கழித்து, இந்தக் கொள்கை நடைமுறையில் என்ன ஆனது என்று பார்க்க டேவிட் கோஹன் என்ற ஆய்வாளர் இரண்டாம் வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்தார். 1990-இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரையில் அந்த வகுப்பின் ஆசிரியைக்கு ‘திருமதி ஊப்ளியே’ என்று புனைபெயர். ஆர்வமும் உழைப்பும் உள்ளவர். தன் வகுப்பறையில் ஒரு புரட்சியே நடந்துவிட்டதாக மனதார நம்பியவர்.

கோஹன் பார்த்தது வேறு. ஒரு மேசையின் விளிம்பு நீளத்துக்கு எத்தனை பெரிய காகித கிளிப்புகள் தேவைப்படும் என்று பிள்ளைகளை ஊகிக்கச் சொன்னார் ஆசிரியை. ஆளுக்கொரு எண் வந்தது. ஓரளவு பொருந்தும் எண்ணையும் பொருந்தவே வாய்ப்பில்லாத எண்ணையும் அவர் ஒரே மாதிரிதான் வாங்கிக்கொண்டார். அந்த எண் எப்படி வந்தது, எது நம்பத்தக்கது என்ற பேச்சு வளரவில்லை. பிள்ளைகள் குழுக்களாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அந்தக் குழுக்கள் தாள் கொடுப்பதற்கும் ஒழுங்காக வெளியே அனுப்புவதற்கும் உதவினவே தவிர, கணக்கைப் பற்றிப் பேசுவதற்கு அல்ல. புதிய கொள்கை சொன்ன அத்தனை பொருட்களும் செயல்பாடுகளும் வகுப்பறையில் இருந்தன. அவற்றுக்கு நடுவே பழைய பாடம் பத்திரமாக நடந்துகொண்டிருந்தது.

கல்விச் சீர்திருத்தம் தோற்கும்போதெல்லாம் ‘ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை’ என்ற வாக்கியம் தவறாமல் வந்து நிற்கும். இந்த ஆசிரியை ஒத்துழைத்தவர். அதனால்தான் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தச் சின்ன ஆய்வைப் படிக்க வேண்டியிருக்கிறது. மாநிலம் அவருக்கு ஆவணம் தந்தது, புதிய பாடப்பொருள் தந்தது. தான் சிறு வயதில் கற்ற கணக்கையே வேறு கண்ணால் பார்க்கப் பழகும் வாய்ப்பை மட்டும் தரவில்லை. பெரியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றை வெறும் ஆணையாக எழுதி அனுப்பினால், அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து அதை நிறைவேற்றுவார்கள். வேறென்ன செய்ய முடியும்?

பள்ளி அமைப்பு ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அதற்கு முன்பே ஒரு விளக்கம் இருந்தது. கார்ல் வெய்க் என்ற அமைப்பியல் அறிஞர் 1976-இல், கல்வி நிறுவனங்களின் அடுக்குகள் ஒன்றோடொன்று தளர்வாகத்தான் கட்டப்பட்டிருக்கின்றன என்றார். தொழிற்சாலையில் ஒரு பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் ஏதோ ஒன்று அசையும். கல்வித் துறையில் மேலே ஒரு முடிவு மாறும், கீழே பாடம் அதுபாட்டுக்கு நடக்கும். அடுத்த ஆண்டே மேயர், ரோவன் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார்கள். ஆசிரியரின் சான்றிதழ், கால அட்டவணை, சேர்க்கை எண்ணிக்கை, கட்டடம் ஆகியவற்றைப் பள்ளி அமைப்பு மிகக் கண்டிப்பாகச் சரிபார்க்கிறது. கற்பித்தலைக் கிட்டத்தட்ட சரிபார்ப்பதே இல்லை. மூடிய வகுப்பறைக் கதவுக்குப் பின்னால் நடப்பது ஆசிரியரின் மனசாட்சிக்கு விடப்பட்டது.

இந்தத் தளர்ச்சியை முழுக்கக் குறை என்று சொல்லிவிட முடியாது. அவசரத்தில் எழுதிய மோசமான ஆணைகளும் இதே கதவில் மோதித்தான் நின்றுபோகின்றன. பல தலைமுறை மாணவர்கள் பல கல்வி அமைச்சர்களிடமிருந்து தப்பியது இப்படித்தான். ஆனால் நல்ல மாற்றத்தைக் கொண்டுவர நினைப்பவருக்கு இதன் பொருள் தெளிவு. கொள்கையை எழுதி முடித்த இடத்தில் அவருடைய வேலை தொடங்கக்கூட இல்லை.

சிறியது வென்றது, பெரியது ஏன் தோற்றது?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, சில வகுப்புகளில் 13 முதல் 17 பேரும் மற்றவற்றில் 22 முதல் 25 பேரும் இருக்கும்படி செய்தார்கள். சிறிய வகுப்பில் இருந்த பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள், ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். இதை முன்னுதாரணமாகக் கொண்டு 1996-இல் கலிஃபோர்னியா களத்தில் இறங்கியது. தொடக்க வகுப்புகளில் சுமார் 30 ஆக இருந்த எண்ணிக்கையை 20 ஆகக் குறைத்தால் பணம் தருவதாக அறிவித்தது. சட்டம் கோடையில் வந்தது, அடுத்த சில வாரங்களில் பள்ளி திறந்தது.

திடீரென ஆயிரக்கணக்கான புதிய ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். அத்தனை பேர் எங்கிருந்து வருவார்கள்? முழுத் தகுதி பெறாதவர்களை அமர்த்த வேண்டியதாயிற்று. வசதியான பகுதிகளில் புதுப் பணியிடங்கள் திறந்ததும், ஏழைப் பகுதிகளில் இருந்த அனுபவசாலிகள் அங்கே மாறிப்போனார்கள். யாருக்கு அதிக நன்மை தரும் என்று டென்னசி காட்டியதோ, அந்தப் பிள்ளைகளின் பள்ளிகள்தான் அதிகம் அடிபட்டன. டென்னசியில் வகுப்பின் அளவு மட்டும் மாறியது, ஆசிரியர் வரத்து மாறவில்லை. மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் செய்தபோது வகுப்பின் அளவு மாறிய வேகத்திலேயே ஆசிரியர் வரத்தும் குலைந்தது. ஒரு பள்ளியில் பலித்தது எல்லாப் பள்ளிகளிலும் பலிக்கும் என்ற கணக்கில் எப்போதும் விட்டுப்போகும் உறுப்பு இதுதான்.

கென்யாவில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். ஒப்பந்த ஆசிரியர்களைக் கூடுதலாக அமர்த்தும் திட்டம் ஒன்று. சில பள்ளிகளில் ஒரு தொண்டு நிறுவனமும், வேறு சில பள்ளிகளில் அரசும் அதே திட்டத்தை நடத்தின. தொண்டு நிறுவனம் நடத்திய இடங்களில் மதிப்பெண் உயர்ந்தது. அரசு நடத்திய இடங்களில் பலன் ஏதும் தெரியவில்லை. திட்டம் ஒன்று, நடத்திய கை வேறு. ‘இந்தத் திட்டம் பலிக்குமா’ என்று கேட்பதைவிட, ‘இதை நடத்தப்போகும் அமைப்பால் இது முடியுமா’ என்று கேட்பது நேர்மையான கேள்வி.

இந்தக் கேள்விக்கு நல்ல விடை இந்தியாவிலிருந்து வந்தது. பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் முறை எளிமையானது. எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று பார்க்காமல், எழுத்து தெரிந்தவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைப்படி பிரித்து உட்கார வைத்துக் கற்பிப்பது. தன்னார்வலர்கள் செய்தபோது இது பலித்தது. அரசுப் பள்ளிக்குள் கொண்டுபோனபோது சிக்கல் எழுந்தது. பீகாரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கற்பித்தல் பொருட்களும் கொடுத்தும், பள்ளி நடக்கும் நாட்களில் பலன் ஏறத்தாழ பூஜ்யம். ஆனால் அதே பீகாரில் 2008 கோடை விடுமுறை முகாமில் அரசு ஆசிரியர்களே இதே முறையில் கற்பித்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியர்களுக்குத் திறமை இல்லை என்ற வாதம் அத்தோடு அடிபட்டுப் போயிற்று. பள்ளி திறந்ததும் பாடப்புத்தகத்தை முடிக்கும் ஓட்டம் மற்ற எல்லாவற்றையும் ஓரம் தள்ளியது, அவ்வளவுதான்.

பிறகு ஹரியானாவில் 2012-13 கல்வியாண்டில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். பள்ளி நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பாடப்புத்தகம் கிடையாது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் நிலைவாரியாகக் கலைந்து உட்கார்வார்கள். அதோடு வட்டார அளவிலான மேற்பார்வையாளர்களைப் பள்ளிக்கு அனுப்பி, முதலில் சில வாரங்கள் அவர்களையே இந்த முறையில் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வைத்தார்கள். பிறகுதான் அவர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பள்ளிகளைப் பார்வையிட்டார்கள். வாசிப்பில் தெளிவான முன்னேற்றம் கிடைத்தது.

பார்வையிட வரும் அலுவலர் தானே அந்தப் பாடத்தை நடத்திப் பார்த்தவர் என்றால் பள்ளிக்குள் அவருடைய பேச்சே மாறிவிடுகிறது. ‘பதிவேடு எங்கே’ என்று தொடங்கியவர் ‘இந்தப் பிள்ளை ஏன் இன்னும் எழுத்துக் குழுவிலேயே இருக்கிறாள்’ என்று தொடங்குகிறார். என்னைக் கேட்டால், அமைப்பு அளவிலான மாற்றத்தின் மையப் பிரச்சினை உச்சியிலும் இல்லை, வகுப்பறையிலும் இல்லை. அது இடையில் இருக்கிறது. அமைச்சகத்துக்கும் ஆசிரியருக்கும் நடுவில் உள்ள அலுவலர்கள், ஆய்வாளர்கள், தலைமையாசிரியர்கள் ஆகியோரின் அன்றாட வேலை என்னவாக இருக்கிறது என்பதில் இருக்கிறது. அந்த வேலை தகவல் திரட்டி மேலே அனுப்புவதாகவே இருக்கும்வரை எந்தச் சீர்திருத்தமும் ஒரு புதிய படிவமாகத்தான் முடியும்.

ஒரே மனிதர், இரண்டு நகரங்கள்

இந்த இடைநிலையைத் திட்டமிட்டு மாற்றியவர்களில் ஆன்டனி அல்வராடோவின் கதை விரிவாகப் பார்க்கத் தக்கது. காரணம், அதை அவர் இரண்டு முறை செய்தார். முதல் முறை பலித்தது, இரண்டாம் முறை பாதியில் நின்றது.

நியூயார்க் நகரம் அப்போது 32 பள்ளி மாவட்டங்களாகப் பிரிந்திருந்தது. 1987-இல் அதில் 2-ஆம் எண் மாவட்டத்துக்கு அல்வராடோ கண்காணிப்பாளராக வந்தார். சுமார் 22,000 மாணவர்கள். பணக்காரக் குடியிருப்புகளும் புதிதாகக் குடியேறிய ஏழைக் குடும்பங்களும் கலந்த பகுதி. அவர் முதலில் வாசிப்பையும் எழுத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் அதை மட்டும். கணிதம்கூடப் பின்னால்தான் சேர்ந்தது.

அவர் ஏற்படுத்திய ஏற்பாடுகளில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். திறமையாகக் கற்பிக்கும் ஓர் ஆசிரியரின் வகுப்பறைக்கு இன்னோர் ஆசிரியர் மூன்று வாரம் போய்விடுவார். வேடிக்கை பார்க்க அல்ல, கூடவே இருந்து கற்பிக்க. அந்த மூன்று வாரமும் அவருடைய சொந்த வகுப்பை, இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு மாற்று ஆசிரியர் நடத்துவார். அதனால் பிள்ளைகளின் படிப்பு கெடாது, போனவருக்கும் மனதில் உறுத்தல் இருக்காது. மூன்று வாரம் முடிந்த பிறகு, கற்றுக்கொடுத்தவர் கற்றுக்கொண்டவரின் வகுப்பறைக்கு வந்து பார்ப்பார். மண்டபத்தில் இருநூறு பேரை உட்கார வைத்து நடத்தும் இரண்டு நாள் பயிற்சியோடு இதை ஒப்பிட்டால் செலவு அதிகம்தான். மாவட்டத்தின் வரவுசெலவில் சுமார் 3 விழுக்காடு ஆசிரியர் பயிற்சிக்குப் போயிற்று.

தலைமையாசிரியர்களின் மாதாந்தரக் கூட்டம் முழுக்கக் கற்பித்தலைப் பற்றியே நடந்தது. அலுவலகச் செய்திகளுக்கு அங்கே இடமில்லை. கண்காணிப்பாளரும் துணை அலுவலரும் பள்ளிக்கு வந்தால் தலைமையாசிரியரோடு வகுப்பு வகுப்பாக நடப்பார்கள். இந்த ஆசிரியருக்கு என்ன உதவி தேவை, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே கேள்வி. இவ்வளவு இனிமையாகச் சொல்வதற்கிடையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் நான்கு ஆண்டுகளில் தலைமையாசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மாற்றப்பட்டார்கள். மென்மையான சீர்திருத்தம் அல்ல அது. ஆனால் வெளியேற்றுவதும் கற்றுக்கொடுப்பதும் அங்கே சேர்ந்தே நடந்தன. பத்தாண்டுக்குள் வாசிப்பில் நகரின் 10-ஆம் இடத்திலிருந்து 2-ஆம் இடத்துக்கு மாவட்டம் உயர்ந்தது. அதே காலத்தில் அந்தப் பகுதியே வசதியடைந்துகொண்டிருந்தது, ஆகவே எல்லாப் பெருமையும் பள்ளிக்குரியது அல்ல என்ற மறுப்பும் உண்டு. அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

1998-இல் அல்வராடோ சான் டியேகோ நகருக்கு அழைக்கப்பட்டார். அங்கே கண்காணிப்பாளர் ஆலன் பெர்சின், முன்னாள் அரசு வழக்கறிஞர். சுமார் 1,40,000 மாணவர்கள் கொண்ட அமைப்பு. கொள்கை அதேதான், கருவிகளும் அதேதான், வேகம் மட்டும் வேறு. படிப்படியாக நகர்ந்தால் எதிர்ப்பு திரண்டுவிடும், ஒரே தாவலில் போய்விட வேண்டும் என்பது பெர்சினின் கணக்கு. தொடக்கத்திலேயே பல பள்ளி நிர்வாகிகள் பதவியிறக்கப்பட்டார்கள். ஆசிரியர் சங்கத்தோடு பகை முற்றியது. கல்வி வாரியம் மூன்றுக்கு இரண்டு என்று நிரந்தரமாகப் பிளந்து நின்றது. தொடக்கப் பள்ளிகளில் வாசிப்பு உண்மையிலேயே உயர்ந்தது, உயர்நிலைப் பள்ளிகளில் உயரவில்லை. சில ஆண்டுகளில் அல்வராடோ வெளியேறினார். 2005-இல் பெர்சினும் போனார்.

நியூயார்க்கில் அல்வராடோவின் முறையை ஆராய்ந்த ரிச்சர்ட் எல்மோர் என்ற ஆய்வாளர் பின்னர் ஒரு விதியை வகுத்தார். உன்னிடமிருந்து கூடுதலாக ஒன்றை நான் எதிர்பார்த்தால், அதைச் செய்வதற்கான திறனை உனக்குக் கொடுக்கும் கடமை அதே அளவுக்கு என்னைச் சேரும் என்பது அதன் சாரம். கேட்க எளிதாக இருக்கிறது. கல்வித் துறைகளின் உத்தரவுகளை இந்த ஒரு சல்லடையில் போட்டு அசைத்தால் எத்தனை மிஞ்சும் என்பது வேறு விஷயம்.

எண் இலக்கு ஆகும்போது

திறனைக் கொடுக்காமல் எதிர்பார்ப்பை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாடு முழுவதும் சோதனைக்களமாக ஆனது. 2002 ஜனவரியில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம், 2014-க்குள் ஒவ்வொரு மாணவரும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. நூற்றுக்கு நூறு. தேர்ச்சி என்பது என்ன என்பதை மட்டும் ஒவ்வொரு மாநிலமும் தானே தீர்மானித்துக்கொள்ளலாம். எட்ட முடியாத இலக்கு, இலக்கை அடையாவிட்டால் தண்டனை, அளவுகோல் கையிலேயே. இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால் அளவுகோல் குட்டையாகும் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. பல மாநிலங்கள் அப்படித்தான் செய்தன.

அட்லாண்டாவில் இது குற்றமாகவே முடிந்தது. அந்த நகரத்தின் மதிப்பெண் உயர்வு நாடே கொண்டாடிய ஒன்று. அதன் கண்காணிப்பாளர் 2009-இல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் என்ற விருதைப் பெற்றார். 2011-இல் வெளியான மாநில அரசின் விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-இல் மோசடி நடந்ததாகவும் 178 கல்வியாளர்களுக்கு அதில் பங்கு இருந்ததாகவும் சொன்னது. மாணவர்களின் தவறான விடைகளை அழித்துச் சரியான விடைகளை ஆசிரியர்களே நிரப்பியிருந்தார்கள். அந்த மதிப்பெண்ணை நம்பிய பெற்றோருக்குத் தங்கள் பிள்ளைக்கு வாசிக்க உதவி தேவை என்பதே தெரியாமல் போயிற்று.

இங்கிலாந்தின் கதை இவ்வளவு கொடூரம் அல்ல, ஆனால் யோசிக்க வைப்பது. 1998-இல் தொடக்கப் பள்ளிகளில் அன்றாடம் ஒரு மணி நேரம் மொழிப் பாடம், அதை எப்படி நடத்துவது என்று நிமிடக் கணக்கில் வழிகாட்டல், விரிவான பயிற்சி எல்லாம் வந்தன. பதினோரு வயதில் எதிர்பார்த்த நிலையை எட்டியவர்கள் 1997-இல் 63 விழுக்காடு, 2000-இல் 75. பெரிய வெற்றி. அடுத்த மூன்று ஆண்டுகள் 75-இலேயே உட்கார்ந்துவிட்டது. 2002-க்கான இலக்கான 80 எட்டவில்லை. மேலிருந்து எழுதிக் கொடுத்த முறை மோசமான கற்பித்தலை ஓரளவு நல்ல கற்பித்தலாக ஆக்கிவிடும். அங்கிருந்து மேலே போக ஆசிரியரின் சொந்தத் தீர்மானம் வேண்டும். வந்த வழியே அந்தத் தீர்மானத்துக்குத் தடையாகவும் ஆகிவிடலாம்.

சோப்ரால்

பிரேசிலின் வடகிழக்கில், வறண்ட நிலப்பரப்பான செயாரா மாநிலத்தில் சோப்ரால் என்ற நகரம் இருக்கிறது. சுமார் இரண்டு லட்சம் மக்கள், செல்வம் அதிகம் இல்லை. 1997-இல் புதிதாக வந்த நகர நிர்வாகம் கல்விக்குச் செலவழித்தது. பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன, சேர்க்கை கூடியது. பிறகு, நூற்றாண்டின் திருப்பத்தில், பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்க வைத்துச் சோதித்தார்கள். இரண்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை.

அந்த எண்ணை மறைத்துவிட எல்லா வசதியும் இருந்தது. அதற்கு முந்தைய மூன்று நான்கு ஆண்டுகள் அவர்களுடைய ஆட்சிதானே. அவர்கள் அதை வெளியே வைத்து, தங்கள் திட்டத்தையே மாற்றினார்கள். எல்லாப் பிள்ளைகளும் தொடக்க வகுப்பிலேயே வாசிக்க வேண்டும் என்பது ஒற்றை இலக்கானது. அதுவரை பள்ளித் தலைவர் பதவி அரசியல்வாதிகள் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்கும் பரிசு. அது தேர்வு எழுதி, நேர்காணலில் தேறி வருபவர்களுக்கு என்று மாறியது. நகர அரசியலில் இதைவிட வலிக்கும் முடிவு இருந்திருக்காது என்று நினைக்கிறேன். சிறு பள்ளிகளை இணைத்தார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளிக்கு வெளியே இருந்து வருபவர்கள் பிள்ளைகளைச் சோதித்தார்கள். அந்த முடிவை வைத்துக்கொண்டு மேற்பார்வையாளர்கள் பள்ளிகளோடு உட்கார்ந்தார்கள். ஆசிரியர்களுக்கு மாதந்தோறும் பயிற்சி நடந்தது, அடுத்த மாதப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதைப் பற்றி.

பிரேசிலின் அடிப்படைக் கல்விக் குறியீட்டில், பத்துக்கு, சோப்ராலின் தொடக்கப் பள்ளிகள் 2005-இல் 4.0 பெற்றன. 2015-இல் 8.8 எடுத்து நாட்டிலேயே முதலிடம். 2017-இல் 9.1. தேர்வுக்காகவே பழக்குகிறார்கள், பாடம் குறுகிவிட்டது என்ற விமர்சனம் அங்கும் உண்டு, அது பொய்யும் அல்ல.

சோப்ராலைவிட அதன் பின்கதை அமைப்பு மாற்றத்துக்குப் பொருத்தமானது. நகரின் மேயராக இருந்த சிட் கோமெஸ் 2007-இல் செயாரா மாநில ஆளுநரானார். மாநிலத்தில் 184 நகராட்சிகள், தொடக்கப் பள்ளிகள் நகராட்சிகளின் கையில், ஆளுநரின் ஆணை அங்கே செல்லாது. ஆணையிட முடியாததால் வேறு இரண்டு வழிகளை எடுத்தார்கள். நகராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப்பணத்தில் மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட பகுதியைப் பெரும்பாலும் கல்வி விளைவுகளோடு கட்டினார்கள். எந்த மேயரும் இனிப் பள்ளியைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது. கூடவே பயிற்சி, பாடப்பொருள், சோதனைமுறை எல்லாவற்றையும் மாநிலம் கொடுத்தது. இரண்டாவது, சிறந்த 150 பள்ளிகளுக்குப் பரிசுப் பணம். ஆனால் முழுப் பணமும் உடனே கைக்கு வராது. பின்தங்கிய ஒரு பள்ளியோடு இணைந்து வேலை செய்து, அதுவும் முன்னேறினால்தான் மீதி வரும். போட்டிக்கான பரிசை ஒத்துழைப்புக்கான நிபந்தனையாகத் திருப்பிய இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஆசிரியர்களையும் தெரியும், அரசியலையும் தெரியும்.

லண்டனிலும் 2003 முதல் 2011 வரை பள்ளிக்குப் பள்ளி உதவும் முறை மையமாக இருந்தது. ஒரே மாதிரி பின்னணியுள்ள மாணவர்களைக் கொண்ட பள்ளிகளை ‘குடும்பங்களாக’ச் சேர்த்து, புள்ளிவிவரத்தை எல்லாரும் பார்க்கும்படி வைத்தார்கள். ‘எங்கள் பிள்ளைகள் ஏழைகள்’ என்ற சமாதானம் அதோடு வலுவிழந்தது. அதே ஏழைப் பிள்ளைகளோடு பக்கத்துப் பள்ளி எப்படி முன்னேறியது என்ற கேள்வி எழுந்துவிடுமே. நாட்டின் கடைசி வரிசையில் இருந்த உள் லண்டன் முன்வரிசைக்கு வந்தது. இதில் திட்டத்தின் பங்கு எவ்வளவு, குடியேறிய குடும்பங்களின் ஊக்கத்தின் பங்கு எவ்வளவு, அதற்கு முன்பே தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய உயர்வின் பங்கு எவ்வளவு என்று பொருளியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

தலைமையாசிரியரின் நாட்குறிப்பு

இத்தனை பெரிய கதைகளும் கடைசியில் ஒரு தலைமையாசிரியரின் நாளில் வந்து முடிகின்றன. நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் அவருடைய குழுவும் 2008-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பள்ளித் தலைவர் செய்யும் வேலைகளில் மாணவர் கற்றலோடு மிக வலுவாகத் தொடர்புடையது, ஆசிரியர்களின் பயிற்சியை ஊக்குவிப்பதோடு நில்லாமல் தானும் அதில் பங்கெடுப்பது என்று தெரிந்தது. பயிற்சியைத் தொடங்கிவைத்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பும் தலைமையாசிரியர் நல்ல பேச்சாளராக இருக்கலாம். ஆனால் எந்த இடத்தில் ஆசிரியர் தடுமாறுவார், எதற்கு நேரம் வேண்டும், எதை வாங்க வேண்டும் என்பது அவருக்கு எப்போதும் தெரியவராது.

சிகாகோ பள்ளிகளை 1990-களில் பின்தொடர்ந்த ஆன்டனி பிரைக், பார்பரா ஷ்னைடர் ஆகியோர் இன்னொன்றை அளந்தார்கள். ஆசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் ஆகியோரிடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டுக்கு ஒன்று முன்னேறியது. நம்பிக்கை நலிந்த பள்ளிகளில் ஏழுக்கு ஒன்றுதான். நம்பிக்கை தனியாக எதையும் கற்பிக்காது. ஆனால் ‘என் பாடம் சரியாக வரவில்லை, வந்து பாருங்கள்’ என்று ஓர் ஆசிரியர் சொல்ல வேண்டுமானால் அது இருந்தாக வேண்டும். சான் டியேகோவில் முதலில் தீர்ந்துபோனது அதுதான்.

நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புதிய திட்டம் வரும்போது பழைய எந்த வேலை நிற்கிறது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்வதில்லை. ஹரியானாவில் பலித்ததன் பாதி, ஒரு மணி நேரத்தைக் காலி செய்து கொடுத்ததில் இருக்கிறது. அல்வராடோவின் மாற்று ஆசிரியரும் அதே வேலையைத்தான் செய்தார். ஒரு திட்டத்தைத் தொடங்கும் அதிகாரம் உள்ளவருக்கு இன்னொன்றை நிறுத்தும் அதிகாரமும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் விழாவும் இல்லை, புகைப்படமும் இல்லை, ஆகவே அது அப்படியே கிடக்கிறது.

இந்த வெற்றிகளில் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் கவனித்திருக்கலாம். பெரும்பாலும் எல்லாமே தொடக்கப் பள்ளி, பெரும்பாலும் வாசிப்பு. அதற்குக் காரணம் இருக்கிறது. சிறு வகுப்பில் நாள் முழுவதும் ஒரே ஆசிரியர். பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா என்பதை ஒரு நிமிடம் கேட்டாலே சொல்லிவிடலாம். பார்வையிட வரும் அலுவலர் அந்தப் பாடத்தைத் தானே நடத்தியும் காட்டலாம். உயர்நிலைப் பள்ளியில் இந்த மூன்றும் இல்லை. ஒரே மாணவர் நாளுக்கு ஆறேழு ஆசிரியர்களைப் பார்க்கிறார். இயற்பியல் பாடம் சரியாகப் போகிறதா என்று சொல்ல இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும். வட்டாரத்துக்கு ஒருவராக இருக்கும் மேற்பார்வையாளர் அத்தனை பாடத்துக்கும் அதைச் செய்ய முடியாது. கணிதம் தொடக்க வகுப்பிலேயே கடினம். 2003-க்குப் பிறகு ஆசிரியர் சங்கங்களோடு சமாதானம் செய்துகொண்டு, பள்ளிகளைத் தண்டிக்காமல் உதவி, உலகமே பாராட்டும்படி வாசிப்பையும் பள்ளி முடிப்போர் விகிதத்தையும் உயர்த்திய கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 2016-இல் ஆறாம் வகுப்பு மாணவர்களில் கணிதத்தில் மாகாணத் தரத்தை எட்டியவர்கள் 50 விழுக்காடுதான். மேல்வகுப்புகளில் இடைநிலை அலுவலரின் இடத்தை அந்தந்தப் பாட ஆசிரியர்களின் குழுவே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஷாங்காய்ப் பள்ளிகளின் பாடவாரி ஆய்வுக் குழுக்களும், ஒரே பாடத்தைச் சேர்ந்து தயாரித்து, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து விவாதிக்கும் ஜப்பானிய முறையும் நெடுங்காலமாக அதைத்தான் செய்கின்றன. அவற்றை வேறு நாடுகளில் நட்டபோது பெரும்பாலும் வேர் பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம் பண்பாடு அல்ல. ஆசிரியர்கள் வாரத்தில் ஒருமுறை ஒன்றாக உட்கார ஷாங்காயிலும் ஜப்பானிலும் கால அட்டவணையில் இடம் இருக்கிறது, மற்ற இடங்களில் பெரும்பாலும் இல்லை.